ஏழரைக்கு மேலே ஆயிரம்

எட்டில் தொடங்கினார் ஓவசியர் மரியநாயகம்.
வவுனியா, வைரவபுளியங்குளம்.
மாமரத்தின் கீழே உறையில்லாமல் நின்றது கார்.
அணில் கொறித்த மாம்பிஞ்சு ஒன்று
வைப்பரில் சிக்கிக் கிடந்தது.
நான் ஏழில் தொடங்கினேன்.
நடுவில் வந்து முட்டிக்கொண்டோம்:
ஏழரை லட்சம்.

அந்த எண்ணுக்கு வாங்கமாட்டேன் என்றேன்.
அவர் வேதக்காரர், விளங்கவில்லை.
குறைக்கவும் மாட்டாராம்.
கடைசியில் நானே ஓராயிரம் கூட்டிக் கொடுத்தேன்.
சனியனை ஆயிரம் ரூபாயில் கடந்தவள்
நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

டேவூ ரேஸர். கொரியாவில் செய்தது.
செய்தவர்கள் கடனில் மூழ்கி
இருபது வருசத்துக்கு மேல்.
"கம்பனி இருக்கா அக்கா?"
லீசிங் கந்தோரில் கழுத்துப்பட்டி கட்டிய பொடியன்.
அவனுடைய கணினியில் அந்தப் பெயருக்கு நேரே
ஒரு கட்டம் வெறுமையாக மினுங்கியது.
"கம்பனி இல்லை. கார் மாமரத்துக்குக் கீழ நிக்குது,
வந்து பாரும்."
அவன் வரவில்லை.
இரண்டு சங்கிலியும்
கோழிக்கூட்டுக்குத் தகரம் மாற்ற வைத்த காசும் போயிற்று.
ஏன் புதுசு வாங்கவில்லை என்று
அண்மையில் ஆட்டோ விலை கேட்ட யாரும்
என்னைக் கேட்கமாட்டார்கள்.

ஓமந்தை தாண்டும்வரை இரண்டாம் கியர் விழவில்லை.
புளியங்குளத்தில் விழுந்தது,
பிறகு எழும்பவில்லை.
முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும்.
எங்களுடையது
இரண்டு கிலோமீற்றருக்கு முன்னமே நின்றது.
பக்கத்து ஆசனத்தில் மெக்கானிக் தவயோகன்
ஒரு மஞ்சள் பையைத் திறந்தான்:
ரக்ரர் வயர், சைக்கிள் ரியூப், அரை முழம் கயிறு.
"இவன்ர சாமான் இனி எங்கயும் வராது.
அதால எல்லாற்ற சாமானும் இவனுக்குப் பொருந்தும்."

அவன் குனிந்து கிடந்த அந்த முக்கால் மணித்தியாலம்
நான் என்னுடைய முதல் லைசென்சை நினைத்தேன்.
கிளிநொச்சி. பத்தொன்பது வயது.
தார்ப்பீப்பாய்களுக்கு இடையில் பின்னுக்கு எடுத்துக் காட்டி
ஒரு பீப்பாயை மட்டும் தட்டினேன்.
பரவாயில்லை என்று முத்திரை குத்தினார்கள்.
அந்த முத்திரைக்கு ஒரு கந்தோர் இருந்தது,
கந்தோருக்கு ஒரு படலை,
படலைக்கு ஒரு காவல்.
வட்டுவாகலில் முழங்காலளவு தண்ணீரில் நின்று
அதை நான்காய் மடித்து விட்டுவிட்டேன்.
மை என் விரலைச் சுற்றி ஒருதரம் ஓடிப் போயிற்று.
பத்து வருசம் கழித்து மறுபடி பரீட்சை.
"முன்னம் ஓடியிருக்கிறீங்களா?"
இல்லை என்றேன்.
கால் மட்டும் பொய் சொல்லவில்லை,
கிளச்சைத் தானாகவே தேடிப் போனது.

மூன்றாம் மாதம் யன்னல் கைபிடி உடைந்தது.
பரந்தனில் பழைய இரும்புக் கடை.
அங்கே இன்னொரு ரேஸரின் கதவு மட்டும்
மழையில் சாய்ந்து நின்றது.
ஓட்டைகளை எண்ண வேண்டாமென்று
கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டேன்.
கைபிடி நல்லாயிருந்தது.
வழுக்காமலிருக்க யாரோ அதற்கு
ரப்பர் வார் சுற்றியிருந்தார்கள்,
மிக நெருக்கமாக, பொறுமையாக.
கடைக்காரர் முந்நூறு கேட்டார்.
பேரம் பேசவில்லை.
"வாரைக் கழட்டட்டா?" என்றான் தவயோகன்.
இருக்கட்டும்.

இப்போது யன்னல் முக்கால்வாசி இறங்குகிறது.
அக்கராயனிலிருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிடுகிறேன்,
பின் ஆசனத்தில் பன்னிரண்டு தட்டு முட்டை.
மாடுகள் றோட்டில் படுத்திருக்கும்.
ஹோர்ன் வேலை செய்யாது,
கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டுவேன்,
அவை எழும்பும், அவசரமில்லாமல்.

நேற்று நாலு உடைந்தது.
இன்று இன்னும் பார்க்கவில்லை.